கொன்யா மாகாணம்: தண்ணீரின் தடம் பிடித்துச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

துருக்கிக்குப் போகும் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் பாமுக்கலேயிலிருந்து கப்படோசியா போகிற வழியில்தான் கொன்யாவைத் தொட்டுவிட்டுப் போகின்றன. 13ஆம் நூற்றாண்டு சூஃபிக் கவிஞர் ரூமியின் அடக்கத்தலத்துக்கு முன்னால் பேருந்து நிற்கும். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு படம், பக்கத்தில் மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். பரப்பளவில் துருக்கியின் மிகப் பெரிய மாகாணம் இது. ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையான குடியிருப்பும், ஹிட்டைட்டு என்ற பண்டைய பேரரசின் காலத்து ஊற்றுக் கோயிலும், செல்ஜுக் என்ற துருக்கிய வம்சத்துச் சுல்தான்களின் தலைநகரும், திடீரென்று தரை உள்வாங்கிப் பள்ளமாகும் வயல்களும் இங்கேதான் இருக்கின்றன. அரைநாளில் பார்த்து முடிக்கக்கூடிய இடம் இல்லை. நாலைந்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி. இரண்டே நாள்தான் என்பவர்களுக்குக் கடைசியில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது.

படி 1: கிளம்பும் முன் நிலத்தைப் படியுங்கள்

வரைபடத்தில் துருக்கியின் நடுவே, அங்காராவுக்குத் தெற்கே பாருங்கள். சுமார் 40,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடச் சற்றே பெரிது. தெற்கே டாரஸ் மலைத்தொடர். அதற்கு வடக்கே ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், மேசைபோல் விரிந்து கிடக்கிறது கொன்யாச் சமவெளி. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் மழைமேகங்களை டாரஸ் மலைகளே தடுத்துவிடுவதால் சமவெளிக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான்.

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: இங்கே விழும் தண்ணீர் எங்கே போகிறது? தெற்கு ஓரத்து மலைப்பகுதியில் விழுவது கொக்சு ஆற்றின் வழியாகக் கடலைச் சேர்கிறது. சமவெளியில் இறங்கும் தண்ணீருக்கு வெளியே போக வழியே இல்லை. ஏரியாகத் தேங்கும், நிலத்துக்குள் இறங்கும், இல்லையென்றால் வெயிலில் ஆவியாகிப் பின்னால் உப்பை விட்டுச் செல்லும். பனியுகத்தில் இந்தச் சமவெளியே ஒரு பெரிய ஏரியாக இருந்தது. அந்த ஏரி வற்றிய பிறகு மிச்சமிருந்த ஊற்று, ஓடை, சதுப்பு ஓரங்களில்தான் மனிதர்கள் குடியேறினார்கள். மாகாணத்தின் பழைய சின்னங்களில் பல ஏதோ ஒரு நீர்நிலையை ஒட்டியே நிற்கின்றன. கீழே சொல்லியிருக்கும் பயண வரிசையும் அதை வைத்துத்தான்.

படி 2: எப்போது, எப்படிப் போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் வசதியானவை. வசந்தத்தில் கோதுமை வயல்கள் பச்சையாக இருக்கும். ஜூலையில் அதே இடம் கண் கூசும் வைக்கோல் நிறம். குளிர்காலத்தில் பனி கொட்டும், வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஆனால் ரூமி மறைந்தது 1273 டிசம்பர் 17. அந்த நாளையொட்டி டிசம்பர் 7 முதல் 17 வரை நினைவு விழா நடக்கும். அப்போது போக ஆசைப்பட்டால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

அங்காராவிலிருந்து அதிவேக ரயில் 2011 முதல் ஓடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கொன்யா. இஸ்தான்புல்லிலிருந்தும் நேரடி ரயில் உண்டு, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் டிராமும் கால்களும் போதும். நகரை விட்டு வெளியே போக வாடகைக் கார்தான் சரி. மாவட்டத் தலைநகரங்களுக்குப் பேருந்து இருக்கிறது, ஆனால் நாம் பார்க்கப்போகும் இடங்களில் பல அந்த ஊர்களிலிருந்து இன்னும் தள்ளித்தான் இருக்கும். சாலைகள் நேராகவும் நன்றாகவும் இருக்கின்றன. ஓட்டுநருக்குத் தூக்கம் வரும் என்பதுதான் ஒரே ஆபத்து.

படி 3: அலாதீன் குன்றிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் ரூமியிடமிருந்து தொடங்குவார்கள். நான் சொல்வது, நகரின் நடுவிலிருக்கும் அலாதீன் குன்றிலிருந்து தொடங்குங்கள். பார்த்தால் சாதாரணப் பூங்கா மேடு, டீ குடிக்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் இது வெண்கலக் காலத்திலிருந்து மக்கள் வாழ்ந்து, இடிந்து, அதன்மேலேயே மறுபடி கட்டிக் கட்டி உயர்ந்த தொல்மேடு. ரோமானியர் காலத்தில் ஊரின் பெயர் இக்கோனியம். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலும் பர்னபாவும் வந்து போதித்ததாக வரும் அதே இக்கோனியா. முதல் சிலுவைப்போர் படை 1097இல் இஸ்னிக்கைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அனடோலியாவின் செல்ஜுக் சுல்தான்கள் தங்கள் தலைநகரை இங்கே மாற்றினார்கள்.

குன்றின் மேல் அலாதீன் பள்ளிவாசல். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பல சுல்தான்கள் கை வைத்து, 1220 வாக்கில் அலாதீன் கெய்குபாத் காலத்தில் முடிந்தது. உள்ளே தூண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், தலைப்பகுதி ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பழைய ரோமானிய, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து கழற்றி வந்து நிறுத்தியவை அவை. 1155ஆம் ஆண்டு பொறித்த கருங்காலி மிம்பரை (பிரசங்க மேடை) தவறவிடாதீர்கள். ஆணி அடிக்காமல் துண்டு துண்டாகக் கோத்த வேலைப்பாடு. முற்றத்துக் கல்லறைக் கட்டடத்தில் எட்டு செல்ஜுக் சுல்தான்கள் அடக்கமாகியிருக்கிறார்கள்.

குன்றை விட்டு இறங்கியதும் சாலையைக் கடந்தால் இரண்டு மதரசாக்கள். வடக்கே இருப்பது 1251இல் அமைச்சர் ஜலாலுதீன் கராத்தாய் கட்டியது, இப்போது ஓட்டுச்சில் அருங்காட்சியகம். நீலமும் கறுப்புமாக நட்சத்திரங்கள் பின்னிய குவிமாடம், அதன் உச்சியில் ஒரு திறப்பு, நேர் கீழே ஒரு தொட்டி. மாணவர்கள் இரவில் அந்தத் தண்ணீரில் நட்சத்திரங்களைப் பார்த்து வானியல் படித்தார்கள் என்று உள்ளூரில் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பக்க அறைகளில் பெய்ஷெஹிர் ஏரிக்கரையிலிருந்த செல்ஜுக் அரண்மனையான குபாதாபாத்திலிருந்து வந்த எட்டுமுனை ஓடுகள் இருக்கின்றன: சம்மணமிட்டு உட்கார்ந்த ஆட்கள், இரட்டைத்தலைக் கழுகு, முயல், மீன். இஸ்லாமியக் கலையில் உருவங்களே இருக்காது என்று நினைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

மேற்கே இருப்பது இன்ஜே மினாரெலி மதரசா. அமைச்சர் சாஹிப் அத்தா கட்டியது. இதன் மெலிந்த மினாரின் மேல்பாதி 1901இல் இடி விழுந்து போய்விட்டது. இப்போது நிற்பது அடிப்பாதி. வாசலுக்கு முன்னால் பத்து நிமிடமாவது நின்று பாருங்கள். குர்ஆன் வசனம் செதுக்கிய இரண்டு கல்பட்டைகள் வாசலின் இருபுறமும் எழுந்து, கதவுக்கு மேலே முறுக்கி முடிச்சிட்டு, மறுபடி பிரிந்து உச்சிவரை போகின்றன. துணி நாடாவை இழுத்துக் கட்டியது போலத் தோன்றும், தொட்டால் கல். உள்ளே நகரக் கோட்டைச் சுவரிலிருந்து வந்த சிறகு விரித்த வானவர் சிற்பமும் உண்டு.

படி 4: ரூமியின் பச்சைக் குவிமாடம்

குன்றிலிருந்து கிழக்கே நேர்சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் மெவ்லானா அருங்காட்சியகம். பால்கைச் சேர்ந்த ரூமி, தந்தை பஹாவுதீன் வலதோடு 1228இல் இங்கு வந்து சேர்ந்தார். மங்கோலியர்களால் கிழக்கே ஊர்கள் எரிந்துகொண்டிருந்த காலம். செல்ஜுக் அரசவை அறிஞர்களை வரவேற்றது. 1244இல் தப்ரீஸின் ஷம்ஸ் என்ற நாடோடி சூஃபி வந்தார், அதற்குப் பிறகுதான் மதப் பேராசிரியராக இருந்த ரூமி கவிஞரானார். மதரசாவிலிருந்து அடக்கத்தலத்துக்கு நடக்கும் வழியிலேயே ஷம்ஸ் பெயரில் ஒரு சிறு பள்ளிவாசல் இருக்கிறது. கூட்டமில்லாத இடம், முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்.

ரூமியின் கல்லறைக்கு மேலே இருப்பது பள்ளம்பள்ளமாக வரியிட்ட நீலப்பச்சைக் கூம்பு. 1925இல் துருக்கிக் குடியரசு சூஃபி மடங்களையெல்லாம் மூடியது. இந்த மடம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. சட்டப்படி அருங்காட்சியகம், ஆனால் உள்ளே கையேந்திப் பிரார்த்திப்பவர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வரிசையில் முன்னால் நிற்பவரை அவசரப்படுத்தாமல் நகருங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள தர்வேஷ் (சூஃபித் துறவி) அறைகளையும் சமையற்கூடத்தையும் பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் 1,001 நாள் ஊழியம் செய்து பழக வேண்டிய இடம் அந்தச் சமையற்கூடம்தான். அங்கேயே தரையில் ஓர் ஆணியைக் கால்விரல்களுக்கு நடுவே வைத்துச் சுழலக் கற்றுக்கொண்டார்கள்.

சுழலும் சமா நிகழ்ச்சியை ஹோட்டல் மேடைகளில் பார்க்காதீர்கள். மெவ்லானா கலாச்சார மையத்தில் வழக்கமாகச் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும். உங்கள் பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். கைதட்டும் நிகழ்ச்சி இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

பக்கத்துச் சந்தைத் தெருவில் அசீசியே பள்ளிவாசல். தீயில் எரிந்து 1870களில் மறுபடி கட்டியது. ஜன்னல்கள் வாசலைவிடப் பெரியவை, வேறெங்கும் காணக் கிடைக்காத வேடிக்கை.

சாப்பாடு? எத்லி எக்மெக் என்ற நீள ரொட்டி, மெல்லிசாக, மேலே கொத்துக்கறி தூவி, மரப்பலகையில் வரும். ஃபிரின் கபாப் என்பது தன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வெந்த ஆட்டுக்கறி. நமக்கு ஆச்சரியம் தருவது பாம்யா சூப்: சுண்டுவிரல் நுனியளவு பிஞ்சு வெண்டைக்காயை நூலில் கோத்துக் காயவைத்து, கறியும் எலுமிச்சையும் சேர்த்துப் புளிப்பாகச் செய்வது. கல்யாண விருந்துகளில் கட்டாயம் இருக்கும். சைவக்காரர்களுக்குச் சீஸ் ரொட்டியும் பருப்பு சூப்பும்தான் கதி. பருப்பு சூப்பிலும் இறைச்சி வடிநீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொன்யா பழமை பேணும் நகரம், உணவகங்களில் மது அநேகமாகக் கிடைக்காது.

மாலையில் நேரமிருந்தால் எட்டு கிலோமீட்டர் தள்ளி சில்லே கிராமம். 1920களில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த மக்கள் பரிமாற்றம்வரை கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர், அவர்களுடைய அயா எலேனியா தேவாலயம் இன்னும் நிற்கிறது.

படி 5: சட்டல்ஹோயூக்

நகரிலிருந்து தென்கிழக்கே 40 கிலோமீட்டர், சும்ரா பக்கம். யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போனவர்களில் பாதிப்பேர் "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறார்கள். கோபுரமோ தூணோ எதுவும் இல்லை. கூரை வேய்ந்த இரண்டு அகழாய்வுக் கொட்டகைகள், உள்ளே மண்சுவர்கள். அதனால், என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

டாரஸிலிருந்து வரும் சர்ஷம்பா ஆறு சமவெளியில் விரிந்து வண்டல் கொட்டிய இடம் இது. கி.மு. 7400 முதல் 6200 வரை, ஆயிரம் ஆண்டுக்கு மேல், மக்கள் ஒரே இடத்தில் பழைய வீட்டை இடித்து நிரப்பி அதன்மேலேயே புது வீட்டைக் கட்டினார்கள். கிழக்கு மேட்டில் அப்படி 18 அடுக்குகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் தெரு கிடையாது. எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்க, ஆட்கள் கூரைமேல் நடந்து, கூரைத் துளை வழியாக ஏணியில் இறங்கினார்கள். அடுப்பு ஏணிக்குக் கீழே, புகையும் அதே துளை வழியாகத்தான். செத்தவர்களை வீட்டுத் திண்ணைக்குக் கீழேயே குறுக்கிப் புதைத்து, மேலே பூசி, அதன்மேல் வாழ்ந்தார்கள்.

கொட்டகைக்குள் நடைபாதையில் நின்று ஒரு சுவரின் வெட்டுமுகத்தைக் கூர்ந்து பாருங்கள். காகிதக் கட்டின் ஓரம்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு முறை சுண்ணாம்புமண் பூசியது. சில சுவர்களில் இப்படி நூற்றுக்கணக்கான பூச்சுகள், நடுவில் சில அடுக்குகளில் சிவப்பு ஓவியம். வருடத்துக்குப் பல முறை பூசியிருக்கிறார்கள்.

ஜேம்ஸ் மெல்லார்ட் 1961 முதல் 1965 வரை இங்கே தோண்டினார். இரு பக்கமும் சிறுத்தைகளின் மேல் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பருத்த பெண் உருவம் அவர் கண்டெடுத்தது. தாய்த்தெய்வ வழிபாடு என்று உலகம் முழுக்கப் பேச்சானது. 1993 முதல் கால் நூற்றாண்டு ஆய்வு நடத்திய இயன் ஹோடரின் குழு அந்த முடிவை அவ்வளவு சுலபமாக ஏற்கவில்லை. கிடைத்த உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள், பல குப்பையில் கிடந்தவை. வீடுகளும் ஏறக்குறைய ஒரே அளவு. அரண்மனையோ பெரிய கோயிலோ தென்படவில்லை. எனக்கு இரண்டாவது வாதம்தான் நியாயமாகப் படுகிறது. அந்தப் பெண் உருவத்தைப் பார்க்க அங்காராவின் அனடோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், இங்கே இல்லை. முடிந்தால் அதை முதலில் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

வாசல் அருகே மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மேட்டுக்கு ஏறினால், சுவர்கள் வீடாகத் தெரியத் தொடங்கும்.

படி 6: மேற்கே, பெய்ஷெஹிர் ஏரி

கொன்யாவிலிருந்து 90 கிலோமீட்டர். மலைகளுக்கு நடுவே துருக்கியின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. ஊர்முனையிலுள்ள கல்பாலம் பாலம் மட்டுமில்லை, மதகும்கூட. 1900களின் தொடக்கத்தில் ஒட்டோமான் அரசு, இந்த ஏரித்தண்ணீரைக் கால்வாய் வழியே சும்ரா வயல்களுக்குக் கொண்டுபோகக் கட்டியது.

பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எஷ்ரெஃபோலு பள்ளிவாசல். 1290களின் கடைசியில் கட்டியது. மங்கோலியர்களிடம் செல்ஜுக் அரசு தோற்று நொறுங்கியபின் முளைத்த சிற்றரசுகளில் ஒன்றின் தலைமைப் பள்ளிவாசல். வெளியே கல், உள்ளே முழுக்க மரம். ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்த தேவதாரு மரத்தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உத்தரங்களில் காவியும் நீலமுமாகப் பழைய வண்ணப்பூச்சு மங்கித் தெரியும். நடுவே கம்பிவேலி கட்டிய ஒரு குழி இருக்கிறது, அதற்கு நேர்மேலே கூரையில் திறப்பு. குளிர்காலத்தில் கூரைப்பனியை இந்தக் குழிக்குள் தள்ளுவார்களாம். கோடையில் அது மெல்ல உருகி, மரம் காய்ந்து வெடிக்காமல் ஈரப்பதம் கொடுத்தது. இப்போது திறப்பைக் கண்ணாடியால் மூடிவிட்டார்கள். யுனெஸ்கோ 2023இல் அனடோலியாவின் ஐந்து மரத்தூண் பள்ளிவாசல்களைப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் ஒன்று. கொன்யா மாகாணத்தில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்கலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால், நான் ரூமியை விட்டுவிட்டு இங்கே வருவேன்.

அடுத்து வடக்கே இருபது கிலோமீட்டரில் எஃப்லாத்துன்பினார். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டுகள் ஊற்றின் மேலேயே கட்டிய வழிபாட்டுக் குளம். பெரிய கற்பாளங்களில் நடுவே ஒரு தெய்வ இணை, அவர்களுக்கு மேலே சிறகு விரித்த சூரியன், அடியில் வரிசையாக மலைத்தெய்வங்கள். அந்த மலைத்தெய்வங்களின் உடலில் துளைகள் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியே பீறிட வேண்டும் என்று வைத்தவை. மூவாயிரத்து இருநூறு ஆண்டு கழித்தும் ஊற்று நிற்கவில்லை. கூட்டம் இருக்காது, தவளைச் சத்தம்தான்.

இன்னொரு வளைவு சுற்றத் தயாரென்றால் ஃபஸிலார் கிராமம். மலைச்சரிவில் மல்லாந்து கிடக்கிறது ஒரு ராட்சதக் கற்சிலை. தெய்வமும் இரு சிங்கங்களும், வேலை முடியாமல் கைவிட்டது. எங்கே கொண்டுபோக நினைத்தார்கள் என்பது இன்றும் விவாதம்.

படி 7: கிழக்கே, பள்ளங்களும் எரிமலைகளும்

இந்தத் திசையில் தண்ணீரின் கதை கசப்பாகிறது. அக்சராய் சாலையில் 25 கிலோமீட்டர் போனதும் சாசாதின் ஹான், 1236 வாக்கில் கட்டிய வணிகர் சத்திரம். ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் தூரத்துக்கு ஒன்றாகச் செல்ஜுக்குகள் சத்திரம் கட்டினார்கள். இதன் சுவரில் பழைய சிலுவைக் கற்களும் கிரேக்க எழுத்துக் கற்களும் தலைகீழாகக்கூடப் பதிந்திருக்கின்றன, தேடிப் பாருங்கள். அதே பக்கம் கிசோரென் ஒப்ருக்: வட்டக் கிணறுபோல் தரை விழுந்து நீர் நிரம்பிய பெரும் பள்ளம், கரையிலேயே ஒரு பழைய சத்திரம்.

ஒப்ருக் என்று இங்கே சொல்வது தரை உள்வாங்கிய குழியை. அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அதைக் கரைத்துக் குகையாக்கும், குகைக்குள் நிரம்பிய தண்ணீரே கூரையைத் தாங்கியும் நிற்கும். கராப்பினார் வட்டாரத்தில் மக்காச்சோளம், சர்க்கரை பீட்ரூட், குதிரைமசால் என்று தண்ணீர் குடிக்கும் பயிர்களுக்கு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் இறங்க இறங்கத் தாங்கல் போய், தரை ஒரே நாளில் விழுகிறது. இப்படி நூற்றுக்கணக்கான குழிகள். வயலுக்குள் தெரியும் புதுக் குழியின் விளிம்புக்குப் போகாதீர்கள், படத்துக்காகக்கூட. விளிம்பு உள்ளே குடைந்து வெறுங்கூரையாக நிற்கலாம்.

கராப்பினாருக்கு அருகே மெகே எரிமலை வாய். முன்பு வட்ட ஏரி, நடுவே கறுத்த கூம்பு. பழைய அஞ்சலட்டைகளில் கண்ணைப் பறிக்கும். இப்போது நீர் வற்றி வெண்ணிறச் சேறுதான் பெரும்பாலும். பழைய படத்தை நம்பிப் போனால் ஏமாற்றம். பக்கத்து அஜிகோலில் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

எரெய்லி தாண்டி டாரஸ் அடிவாரத்தில் இவ்ரிஸ். ஊற்றுக்கு மேலே பாறையில் கி.மு. 8ஆம் நூற்றாண்டுச் சிற்பம், நாலு மீட்டருக்கு மேல் உயரம். புயல் தெய்வம் தார்ஹுன்சா ஒரு கையில் திராட்சைக் குலையும் மறு கையில் தானியக் கதிரும் ஏந்தி நிற்கிறது. எதிரே, பாதி உயரத்தில், கைகூப்பிய வர்பலவாஸ் மன்னன். மன்னனின் அங்கியில் துணிக்கரை வேலைப்பாடுகூடத் தெரியும். தெய்வமோ முழங்கால்வரை எளிய உடை.

படி 8: வடக்கே, உப்பும் முல்லாவும்

தூஸ் ஏரியை அங்காரா, அக்சராய் மாகாணங்களோடு கொன்யா பங்கிட்டுக்கொள்கிறது. கோடைக் கடைசியில் வற்றி வெள்ளைப் பாளமாகும். செருப்போடு நடங்கள், உப்பு காலை வெட்டும். 2021இல் இங்கே ஆயிரக்கணக்கான பூநாரைக் குஞ்சுகள் செத்தன, காரணம் என்னவென்று பாசனத்தையும் வறட்சியையும் சுட்டிப் பெரிய சர்ச்சை நடந்தது.

வடமேற்கே அக்ஷெஹிரில் நஸ்ரெத்தின் ஹோஜாவின் கல்லறை. தமிழில் நாம் சிறுவயதில் படித்த அதே முல்லா நஸ்ருதீன் இவர்தான். கல்லறையின் முன்வாசலில் பெரிய பூட்டு தொங்கும், மற்ற பக்கங்களிலோ சுவரே இல்லை. இறந்த ஆண்டு 386 என்று பொறித்திருக்கிறது. வலமிருந்து இடமாகப் படித்தால் ஹிஜ்ரி 683, அதாவது கி.பி. 1284 வாக்கு. ஜூலை தொடக்கத்தில் அவர் பெயரில் விழா நடக்கும்.

படி 9: நாட்களைப் பிரிப்பது

ஐந்து நாள் என்றால்: முதல் நாள் குன்றும் மதரசாக்களும் ரூமியும், இரண்டாம் நாள் காலை சட்டல்ஹோயூக், மாலை சில்லே. மூன்றாம் நாள் பெய்ஷெஹிர். ஏரிக்கரையில் இரவு தங்கினால் அந்தி வெளிச்சம் கிடைக்கும். நாலாம் நாள் அக்ஷெஹிர் போய்த் திரும்புங்கள், அல்லது அதை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள். ஐந்தாம் நாள் கிழக்கே. இவ்ரிஸ் முடித்து வடக்கே ஏறினால் கப்படோசியாவே வந்துவிடும், கொன்யாவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

இரண்டு நாள்தான் இருக்கிறதா? ஒரு நாள் நகரம், ஒரு நாள் பெய்ஷெஹிரும் எஃப்லாத்துன்பினாரும். சட்டல்ஹோயூக்கை விடச் சொல்வது எனக்கே உறுத்துகிறது. அங்காரா அருங்காட்சியகத்தில் அதன் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்த்து ஈடுகட்டிக்கொள்ளலாம். காரில் எப்போதும் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருங்கள். கராப்பினார் பக்கம் போவதாக இருந்தால் கொன்யாவிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.